ஜவுபர் செய்த நோர்ட்டன்

சாய்ந்தமருதில் ஜவுபர் என்று கூப்பிட்டால் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நோர்ட்டன் ஜவுபர் என்று கூப்பிட்டால் ஒருவர்தான் திரும்புவார். அந்தப் பட்டம் அவருக்குச் சும்மா வந்து விழவில்லை. கொழும்பில் பெரிய கராஜ் வைத்திருந்தவர்களே கைவைக்கத் தயங்கிய ஒரு வேலையை, மனைவி வீட்டு வளவில் ஓர் ஓலைக் கொட்டிலுக்குள் குந்தியிருந்து செய்து முடித்த மனிதர் அவர்.

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. வள்ளத்தில் கால் வைத்தால் போதும், வாந்தி குடலைப் பிடுங்கும். வாப்பா கொஞ்ச நாள் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டுக் கைகழுவி விட்டார். பிறகு சைக்கிள் கடை, அங்கிருந்து கொழும்புக் கராஜ். ஐம்பத்து மூன்றாம் ஆண்டு கராஜ் முதலாளி அவரை நுவரெலியாவுக்கு அனுப்பினார். அங்கே நடந்த மலையேற்றப் பந்தயத்துக்கென்று ஒரு தோட்டத்துத் துரை இங்கிலாந்திலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை இறக்கியிருந்தார். நோர்ட்டன் கம்பனி பந்தயத்துக்காகவே தன் தொழிற்சாலையில் தனியாகச் செய்த வண்டி. நீண்டு கிடக்கும் வெள்ளி நிறப் பெற்றோல் தாங்கி, ஓட்டுபவர் அதன்மேல் நெஞ்சைச் சாய்த்துப் படுத்துக்கொள்ள வாகான தாழ்ந்த கைபிடி. விளக்குக் கிடையாது, ஹோர்ன் கிடையாது. ஓடுவதற்கு உதவாத ஓர் ஆணிகூட அதில் இல்லை. மழை விடும்வரை அதன் பக்கத்தில் நின்று காவல் காப்பதுதான் ஜவுபருக்குக் கொடுத்த வேலை.

காவல் நின்றவருக்குக் கை சும்மா இருக்குமா? பையில் கிடந்த வலைநூலை எடுத்தார். சக்கரத்துக்குச் சக்கரம் எவ்வளவு, தாங்கி எவ்வளவு நீளம், இருக்கை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று நூலைப் பிடித்துப் பிடித்து முடிச்சுப் போட்டார். அளவுநாடா கேட்க வெட்கம்; கேட்டால் எதற்கென்று சொல்லவேண்டி வரும். ஊருக்குத் திரும்பியபோது அவருடைய பெட்டியில் உடுக்கிற சாரத்தைவிட நூல்தான் கூடக் கிடந்ததாக, பின்னாளில் மனைவியாக வந்த நஸீறா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நஸீறாவைக் கலியாணம் முடித்தது அடுத்த வருடம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடு நஸீறாவின் பெயரில், வளவு நஸீறாவின் பெயரில், வளவின் மூலையில் தென்னைக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்த மோட்டார் சைக்கிள் மட்டும் அவளுடைய வாப்பா கச்சிமுகம்மதுப் போடியாருக்குச் சொந்தம். வயல் நிறைய உள்ளவரைப் போடியார் என்பது எங்கள் பக்கம்; இவருக்கு வரிப்பத்தான்சேனையில் வயல். மழை குறைந்த சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் கடைசி வயல்வரை வந்து சேராது. எஞ்சினைக் கழற்றிப் பம்புக்குப் பூட்டலாம் என்று யோசித்து, பட்டாளத்துக்காரர் கழித்துவிட்ட அந்த வண்டியை அவர் ஏலத்தில் எடுத்திருந்தார். பம்பையும் வாங்கி வைத்தார். அந்த வருடம் பார்த்து மழை கொட்டோ கொட்டென்று கொட்டியதால் வண்டியை எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஜவுபர் மறக்கவில்லை. தென்னையடிக்குப் போய்த் துருவைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே நோர்ட்டன் என்ற எழுத்து. பட்டாளத்துக்கென்று செய்த மாட்டுவண்டிக் குணமுள்ள நோர்ட்டன்தான். பந்தய வண்டிக்கும் அதற்கும் எட்டாத தூரம். இருந்தாலும் ஒரே கம்பனி, ஒரே பெயர். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மாமனாரிடம் போய்க் கேட்டார். கச்சிமுகம்மது கோபக்காரர் இல்லை, ஆனால் வார்த்தையை நிறுத்துப் பேசுகிறவர்.

"மருமகன், நான் அத எடுத்தது தண்ணி இறைக்க. பந்தயம் ஓட இல்ல."

"பந்தயத்துக்கு இல்ல மாமா. றோட்டில ஓடுற வண்டியாத்தான் செய்யப்போறன். லைட், ஹோர்ன் எல்லாம் போட்டு, கவுண்மேந்து நம்பரும் எடுத்து..."

"நம்பர் தருவாங்களா?"

"தருவாங்க மாமா."

போடியார் தாடியைத் தடவினார். "சரி. மோட்டார்ப் பரிசோதகர் பாத்து ஓம் எண்டா வண்டிய வெச்சிருங்க. வேணாம் எண்டாரெண்டா எஞ்சின் வயலுக்கு வரோணும். ஒரு தரந்தான். அதுக்குப் புறகு என்னோட ஒண்டும் கதைக்கப்படாது."

ஜவுபர் ஓம் என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் நின்றபடி சொன்ன ஓம் அது. லேசில் திருப்பி எடுக்க முடியாது.

பகலில் கல்முனைச் சந்தையடியில் சைக்கிள் திருத்துவார். மாலை அஸர் தொழுகை முடிந்ததும் கொட்டில். பழைய வண்டியின் எலும்புக்கூடு உதவாது. பந்தய வண்டியின் சட்டம் இரட்டைக் குழாயில் எஞ்சினைச் சுற்றி வளைந்து வரும். பட்டாள முகாம் கழித்துவிட்ட இரும்புக் குழாய்களைத் தேடிப் பிடித்தார். குழாயை வெறுமனே வளைத்தால் நசுங்கிப் போகும். கடற்கரை மணலை அரித்து, வெயிலில் காயவைத்து, குழாய்க்குள் இறுக்கி நிரப்பி, இரண்டு பக்கமும் கட்டையால் அடைத்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்தார். மணலில் ஈரம் இருந்தால் அடைத்த கட்டை வெடி மாதிரிப் பறக்கும். ஒருதடவை பறந்து நஸீறாவின் குடத்தை உடைத்தது. அவள் வெளியே வந்து உடைந்த குடத்தையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள்.

"இஞ்சப் பாருங்க, நாளைக்கு மணல நான் வறுத்துத் தாறன். நீங்க காயவெச்சது காணா," என்றாள்.

மறுநாளிலிருந்து மணல் அடுப்பில் வறுபட்டது. அரிசி வறுக்கிற சட்டியிலேயே வறுத்தாள். இப்படி ஒரு பெண்சாதி கிடைத்தவன் நோர்ட்டன் என்ன, ஆகாயக் கப்பலே கட்டலாம்.

வளைத்த குழாய்களைப் பித்தளை வைத்து ஒட்டினார். ஒட்டிய பிறகு நூலைப் பிடித்துப் பார்த்து, முடிச்சு விலகியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி ஒட்டினார். "விரல்கடைதானே, ஆருக்குத் தெரியப்போகுது?" என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஜவுபர் நூலைப் பிடித்து அடுத்த முடிச்சைப் பார்ப்பார். அந்த வண்டியை நேரில் பார்த்தவர் அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான். பிழையாகச் செய்தால் கேட்க ஒரு நாதி இல்லை. அதனாலேயே அவர் ஒரு மயிரிழை பிசக விடவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு எத்தனை சலாம் போட்டாலும் தகும்.

பெற்றோல் தாங்கிதான் பெரிய தலையிடி. அசலில் அது அலுமினியம். திருகோணமலையில் யுத்தகாலத்து விமானத் தகடுகளைப் பழைய சாமானாக விற்றார்கள். போய் வாங்கிக்கொண்டு வந்தார். தகட்டை அடித்து வளைக்க ஓர் அச்சு வேண்டும். அதற்குத்தான் வள்ளம் கட்டும் சுவாம்பிள்ளையிடம் போனார். சுவாம்பிள்ளை கல்முனை வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். ஜவுபரைவிடப் பத்து வயது மூத்தவர். மரத்தில் ஒரு வளைவைத் தடவிப் பார்த்தே குறை சொல்லக்கூடியவர். ஜவுபர் கையால் காற்றில் காட்டிய உருவத்தை அவர் பலா மரத்தில் செதுக்கிக் கொடுத்தார். ஜவுபர் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவினார். "இதுதான் அண்ண," என்றார்.

அச்சின்மேல் தகடு படிந்தது. ஆனால் அலுமினியத்தில் ஈயப்பற்று ஒட்டாது. ஒட்டக்கூடிய ஆயுதம் கல்முனையில் ஒருவரிடமும் இல்லை. தகடுகளை ஓரத்தின்மேல் ஓரம் ஏற்றி ஆணி அறைந்து பிணைத்தார்கள். பொருத்து வழியே தண்ணீர் கசிந்தது.

சுவாம்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்கா தம்பி யோசிக்கிறீங்க? கலப்பத்துப் பண்ணினாச் சரி."

வள்ளத்துப் பலகைகளின் இடுக்கில் பஞ்சுநூலைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி அடைப்பதைத்தான் கலப்பத்து என்பார்கள். கடலோரத்தில் பிறந்தவன் எவனுக்கும் அதில் சந்தேகம் வராது. ஜவுபருக்கு மட்டும் கொஞ்சம் வந்தது.

"பெற்றோலுக்கு நிக்குமா அண்ண?"

"கடலையே உள்ளுக்கு விடாத சாமான் இது. அஞ்சாறு போத்தல் பெற்றோல வெளியால விடுமா? பேய்க்கத கதைக்காதீங்க."

தாங்கியை நிறையத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டார்கள். விடிந்து பார்த்தால் கீழே போட்ட சாக்குக் காய்ந்தபடியே கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தண்ணீர் ஊற்றிச் சோதித்தார்களே தவிரப் பெற்றோல் ஊற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. கசிவு என்றால் தண்ணீர் என்றே வளர்ந்த மனிதர்கள்.

எஞ்சினைக் கொட்டிலில் ஓடவிட்டபோதெல்லாம் ஒரு தகரப் பேணியிலிருந்துதான் பெற்றோல் போனது. மினுக்கிய தாங்கியை வேலை முடியும்வரை சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். ஹெட் லைட், சைலன்சர், ரப்பர் ஹோர்ன், பின்னுக்குச் சிவப்பு லைட் எல்லாம் பூட்டினார். அசல் வண்டிக்கு இல்லாததைப் பூட்ட அவருக்கு மனம் நொந்தது. ஆனால் றோட்டில் ஓடுவதற்குச் சட்டம் கேட்கிறதே. ஐம்பத்தாறாம் ஆண்டு சிறுபோகத்து நடுவில், மட்டக்களப்பிலிருந்து மோட்டார்ப் பரிசோதகர் கல்முனை வாடிவீட்டில் வந்து தங்கும் நாளில், வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். சந்தைக்கு வந்த சனம் அத்தனையும் அங்கே கூடிவிட்டது. அன்று காலையில்தான் தாங்கியில் முதன்முதலாகப் பெற்றோல் நிறைந்தது.

பரிசோதகர் தேவராசா கறாரான மனிதர், ஆனால் வண்டி தெரிந்தவர். சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இத ஆர் செஞ்சது?"

"நான்தான் ஐயா."

"படத்தில பாத்திருக்கன். இவ்வளவு கிட்டத்தில பாப்பன் எண்டு நினைக்கல்ல," என்றார் தேவராசா. "சரி, பாண்டிருப்பு மட்டும் ஓடிப்போட்டு வாங்க. பிரேக்கப் பாப்பம்."

ஜவுபர் தாங்கிமேல் நெஞ்சைச் சாய்த்துப் புறப்பட்டார். சனம் கூச்சல் போட்டது. பாண்டிருப்புக் கோயிலடி தாண்டித் திருப்பும்போது எஞ்சின் இருமியது. பிறகு செத்தது. உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வாடிவீட்டுக்கு வந்துசேர்ந்தபோது தாங்கியின் பொருத்துகளிலிருந்து மஞ்சள் நிறத்தில் பிசின் வடிந்துகொண்டிருந்தது. பெற்றோல் குங்கிலியத்தைக் கரைத்துவிட்டது. கரைந்த பிசின் காபரேட்டரை அடைத்துவிட்டது. சூடான எஞ்சின்மேல் ஒரு சொட்டு விழுந்து புகைந்தது.

தேவராசா அந்தப் புகையைப் பார்த்தார். "பெற்றோல் ஒழுகுற வண்டிய றோட்டில விட ஏலாது. நெருப்புப் புடிச்சா நீங்கதான் மேல இருப்பீங்க. திருத்திப்போட்டுக் கொண்டு வாங்க," என்றார். அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

சுவாம்பிள்ளை கூட்டத்துக்குப் பின்னால் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, என்னாலதானே..." என்று தொடங்கினார்.

"ஓம் எண்டது நான்தானே அண்ண," என்றார் ஜவுபர்.

பரிசோதகர் வேணாம் என்று சொல்லவில்லை, திருத்திக்கொண்டு வா என்றுதான் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு வாதாடியிருக்கலாம். போடியார் அன்றைக்கு வயலில் நின்றார், சொல்லாமலே விட்டிருக்கலாம். நஸீறாவே அப்படித்தான் சொன்னாள். ஜவுபர் கேட்கவில்லை. பள்ளிவாசல் படியில் நின்று கொடுத்த வார்த்தை. இரண்டு வருட உழைப்பை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றினார். நஸீறா ஒரு பக்கம், சுவாம்பிள்ளை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வர, வரிப்பத்தான்சேனைக்குக் கொண்டுபோனார்.

வயலைப் பார்த்ததும் ஜவுபருக்குத் தன் கவலை மறந்துபோனது. வேளாண்மை கதிரை உள்ளே சுமந்து நிற்கும் குடலைப் பருவம். இலையெல்லாம் சுருண்டு ஊசியாகியிருந்தது. நிலம் விரல் நுழையும் அளவு வெடித்துக் கிடந்தது. பள்ளத்து ஓடையில் தண்ணீர் நிற்கிறது. மேட்டு வயலுக்கு ஏற்ற வழியில்லை. கச்சிமுகம்மது வரம்பில் நின்று மருமகனையும் வண்டியையும் பார்த்தார்.

"வேணாம் எண்டுட்டாரா?"

"ஓம் மாமா. தாங்கி ஒழுகிட்டு. எஞ்சினக் கழட்டத்தான் கொண்டுவந்தன்."

"கழட்டிப் பூட்ட எவ்வளவு நாள் செல்லும்?"

ஓடைக்கரையில் கிடந்த பம்பை ஜவுபர் பார்த்தார். எஞ்சினுக்கு அடித்தளம் செய்யவேண்டும், கப்பி செய்யவேண்டும், அச்சு நேர்பார்க்கவேண்டும். "ஒரு கிழம செல்லும் மாமா."

"ஒரு கிழமைக்கு இது நிக்காது மனே," என்றார் கச்சிமுகம்மது. மருமகன் என்றே கூப்பிடுகிறவர், அன்று மகன் என்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

ஜவுபர் வண்டியைச் சுற்றி ஒருதடவை நடந்தார். பிறகு இறக்கச் சொன்னார். ஓடைக் கரையில் பலகை போட்டு, பின்சக்கரம் நிலத்தில் படாதபடி வண்டியைத் தாங்குகாலில் ஏற்றிக் கயிற்றால் மரத்தோடு இழுத்துக் கட்டினார். பின்சக்கரத்து டயரைக் கழற்றி வீசினார். வெறும் விளிம்பில் பம்போடு கிடந்த வார்ப்பட்டியைப் போட்டு மறுமுனையைப் பம்பில் மாட்டினார். காபரேட்டரைத் துப்புரவாக்கி, நஸீறா இரவுக்கென்று கொண்டுவந்த மண்ணெண்ணெய் விளக்கின் எண்ணெய் வயிற்றைக் கழுவிப் பெற்றோல் ஊற்றி மேலே தொங்கவிட்டார். உதைத்தார். பந்தய வண்டி நின்ற இடத்திலேயே நின்று ஓடத் தொடங்கியது.

பம்பு இருமியது, சேறு கக்கியது, பிறகு தண்ணீர் பாய்ந்தது.

நின்று ஓடும் வண்டிக்குக் காற்று இல்லை; கொஞ்ச நேரத்தில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கியது. நஸீறா சுளகை எடுத்துக்கொண்டு வந்து விசிறினாள். அவளுக்குக் கை ஓய்ந்ததும் களை பிடுங்க வந்த நாச்சியா வாங்கி விசிறினாள். "என்ட மாப்பிளைக்கு ஒருநாளும் இப்பிடி விசிறினதில்ல," என்று அவள் சொல்ல, வயலே சிரித்தது. பெண்கள் முறைவைத்து விசிறினார்கள். சுவாம்பிள்ளை வார்ப்பட்டி வழுக்காமல் கட்டை பிடித்தார். பின்னேரத்துக்குள் மேட்டு வயலின் வெடிப்புகள் மூடிக்கொண்டன.

கதிர் பால் பிடித்து முற்றும்வரை வண்டி அப்படியே அங்கேதான் நின்றது. ஓடையில் தண்ணீர் ஊறும்போதெல்லாம் ஓடியது. விளக்கின் வயிறு ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஜவுபர் அதை ஒருநாள் கையிலெடுத்து அதன் ஈயப்பற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்முனைச் சந்தையில் விளக்குச் செய்து விற்கும் மீராமுகைதீனுடைய கைவேலை அது. அலுமினியம்தான் வேண்டும் என்று தான் பிடித்த பிடியில்தானே இவ்வளவும் வந்தது என்று அவருக்கு உறைத்தது.

வெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்தபிறகு, ஜவுபர் ஸ்பானரோடு ஓடைக்கரைக்குப் போனார். இனி ஆறுதலாகக் கழற்றி, அடுத்த போகத்துக்கு எஞ்சினைப் பம்பில் ஒழுங்காகப் பூட்டிக் கொடுக்கவேண்டும். முதல் ஆணியில் ஸ்பானரை வைத்தபோது பின்னால் மாமனாரின் இருமல் கேட்டது.

"அந்தப் பரிசோதகர் இனி எப்ப வாறாராம்?"

ஜவுபர் நிமிர்ந்து பார்த்தார். "மாமா, ஒரு தரந்தான் எண்டீங்களே?"

"அது நான் சொன்ன சொல். அத நான் திருப்பி எடுத்தா உங்களுக்கென்ன?" என்றார் கச்சிமுகம்மது. "தாங்கிய ஒழுகாமச் செய்யுங்க."

பலா மரத்து அச்சை சுவாம்பிள்ளை எறியாமல் வைத்திருந்தார். அதே அச்சில் தகரத்தை அடித்து, மீராமுகைதீன் ஈயம் பற்றவைத்தார். இந்தத் தடவை பெற்றோலையே ஊற்றி வைத்துப் பார்த்தார்கள். வெள்ளி நிறம் பூசியபிறகு அலுமினியம் இல்லை என்று ஜவுபரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு அது கொஞ்சம் குத்தியது. கடைசிவரை குத்திக்கொண்டுதான் இருந்தது. அப்படிப்பட்ட மனிதர்.

மறுபடி வாடிவீடு, மறுபடி சனம். இந்தமுறை போடியார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூட வந்திருந்தார். வண்டி பாண்டிருப்புக்குப் போய் முழு வேகத்தில் திரும்பிவந்து, தேவராசா காலடியில் போட்ட கோட்டில் வந்து நின்றது. அவர் தாங்கியின் அடியைத் தடவிப் பார்த்தார். கை காய்ந்திருந்தது. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"நம்பர் தரலாம். ஆருட பேருக்கு எழுதுற?"

ஏலத்தில் எடுத்தவர் மாமனார். ஜவுபர் அவருடைய பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

"ஜவுபர் எண்டு எழுதுங்க ஐயா," என்றார் கச்சிமுகம்மது.

"மாமா, எஞ்சின் உங்கட..."

"எனக்கு வேண்டினது தண்ணி. அத நான் எடுத்திட்டன்," என்று அவர் பரிசோதகரைப் பார்த்தே சொன்னார். "இது இவர் உண்டாக்கின வண்டி. இதுக்கு என்ட பேரப் போட்டா அது பொய்யெல்லோ?"

ஜவுபருக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை சனத்துக்கு முன்னால் சாரத்துத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு வண்டியில் ஏறி உதைத்தார். பற்றவில்லை. மறுபடி உதைத்தார், மறுபடி உதைத்தார். மயிரிழை பிசகாத மனிதர், வண்டியை நிறுத்தியபோது மூடிய பெற்றோல் குழாயைத் திறக்க மறந்துவிட்டார். சுவாம்பிள்ளைதான் குனிந்து அதைத் திறந்துவிட்டார்.